குட்டித்தக்காளி கழற்றிக் கொடுத்த சட்டை

சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஒரு பெட்டி முழுவதற்கும் வைட்டமின் சி சப்ளை செய்த மனிதர் உலகத்திலேயே எங்கள் குட்டித்தக்காளி ஒருவர்தான்! நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. நெமிலிச்சேரியில் ஏறுவார், அம்பத்தூரில் இறங்குவார். அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். மொட்டை மாடியில், பெயின்ட் வாளிகளில் கோலிக்குண்டு சைஸ் தக்காளி வளர்த்து, டப்பாவில் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று நீட்டுவார். வேண்டாம் என்றவர்களும் ஆவடி வருவதற்குள் தின்றிருப்பார்கள்.

சும்மா தின்னவும் விடமாட்டார்.

"பச்சையா துன்னா வைட்டமின் சி. எண்ணெய்ல வதக்கினா செவப்புச் சத்து ஒடம்புல நல்லா ஒட்டும். ரசத்துக்கு வெட்டாதே, முழுசா போட்டு ஒரு நசுக்கு! ஆனா ஒண்ணு நைனா, வாய மூடிகினுதான் கடிக்கணும்!"

அன்று எனக்கு ஆறாவது இன்டர்வியூ, விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு. ஐந்தில் கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் மாமனார் முகத்தில் விழிக்க முடியாது. புது வெள்ளைச் சட்டை வேறு! அவர் தந்த தக்காளியைக் கடித்துக்கொண்டே, "இன்னைக்கு இன்டர்வியூண்ணே!" என்று வாயைத் திறந்தேன். பீய்ச்சியடித்தது! நெஞ்சு முழுக்கச் சிவப்பு, நடுவில் நாலு விதை.

பெட்டியே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. அவர் மட்டும் மளமளவென்று தன் நீலச் சட்டையைக் கழற்றினார்.

"இந்தா, மாட்டு."

"நீங்க எப்படிண்ணே வேலைக்கு..."

"பட்டறையில எனுக்கு காக்கி கீது. உன்னுத குடு. சொன்னேன்ல, வாய மூடுன்னு!"

என் சட்டை அவருக்குப் பட்டன்கூடப் போடமுடியவில்லை. அப்படியே அம்பத்தூரில் இறங்கினார். ரத்தம் என்று நினைத்து பிளாட்பாரத்தில் ஓர் அம்மா அலறினார்.

இன்டர்வியூவில் அதிகாரி, "எதையாவது எனக்கு வித்துக் காட்டுங்க" என்றார். கை தானாகச் சட்டைப் பாக்கெட்டைத் தடவியது. உள்ளே இரண்டு தக்காளி! ரயிலில் கேட்ட அத்தனையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். சத்து, வதக்கல், ரசம், எல்லாம்! அவர் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது!

மறுநாள் குட்டித்தக்காளி ரயிலில் ஏறியதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கத்தினேன். "அண்ணே, வேலை கிடைச்சிடுச்சு! உங்க தக்காளியத்தான் வித்தேன்! ஆபீசர் சாப்பிட்டாருண்ணே!"

அவர் முகம் சீரியஸாகிவிட்டது. "வாய மூடிகினு துன்னாரா?"

"மூடிக்கிட்டுத்தாண்ணே."

"அப்போ நல்ல மன்சன். தைரியமா வேலைக்குப் போ."

அந்த நீலச் சட்டையை நான் திருப்பித் தரவே இல்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு சுற்றுப் பெரியது. ஆனாலும் முக்கியமான நாள் என்றால் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். அவரும் கூட வருகிறார் என்று ஒரு தைரியம்.