பிப்ரவரிக்கு ஆள் தேவை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் நலம்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், பல் மருத்துவரிடம் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கடை மாடியில் இருக்கும் பாட்டுக் குழுவில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே அவள் பெயர் மே என்பது தெரிந்திருக்காது. குழுவின் முதலாளி முன்பு காலண்டர் விற்றவர். விற்காமல் தேங்கிய கட்டுகளில் வசந்த மாதத் தாள்கள்தான் பூவும் கிளியுமாக அழகாக இருந்தனவாம். அவற்றைக் கிழித்து, தேதிகளின் மேல் நிகழ்ச்சி நேரத்தை அச்சடித்து ஊரெங்கும் ஒட்டிவிட்டார். தாளில் இருக்கும் பெயரை மாற்றுவதைவிடப் பாடுகிறவர்களின் பெயரை மாற்றுவது எளிது என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே மார்ச், ஏப்ரல், மே. ஆள் போனாலும் பெயர் போகாது. அடுத்து வருகிறவருக்கு, மாதப் பெயர் எழுதிய தொப்பியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். மார்ச் பகலில் லாரி ஓட்டுகிறார். ஏப்ரல் நடுவில் நிற்கும் அம்மாள், வயது கேட்கக் கூடாது.

புதன்கிழமை நான் நம் பெண்ணைக் கையோடு அழைத்துவரப் போனேன். பேச வேண்டியதையெல்லாம் படியேறும்போதே கோத்து வைத்திருந்தேன்: குடும்பம், மானம், பல் மருத்துவரிடம் இன்னும் காலியாகக் கிடக்கும் நாற்காலி. உள்ளே போனால், பிரசவத்துக்குப் போயிருந்த பழைய மே இடுப்பில் குழந்தையோடு வந்து நின்று தொப்பியைக் கேட்கிறாள், நம் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறாள், முதலாளி சாவகாசமாக, "பழைய மே வந்தாச்சும்மா, நீ கிளம்பு" என்கிறார். நான் கோயில் பிராகாரம் சுற்றாத குறையாக மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் மச்சான், என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"அதெப்படிய்யா கிளம்பச் சொல்லுவ? என் பொண்ணு என்ன வாடகைச் சாமானா?"

அவளோ நன்றி சொல்லாமல், "நீங்க ஏம்ப்பா இங்க வந்தீங்க?" என்றாள்.

சத்தம் ஓய்ந்ததும் முதலாளி இறங்கிவந்து, வேண்டுமானால் நம் பெண்ணை ஜூன் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு ஏப்ரல் ஒப்பவில்லை. நாலு பேர் நின்றால் நடு எங்கே இருக்கிறது, ஓரமாக நிற்கவா இந்தக் குரலை வளர்த்தேன் என்று கேட்டார். நில அளவை அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் அந்த வாதத்தில் என்னால் பிழை காண முடியவில்லை. ஒரு பக்கம் ஜூன் வந்தால் மறுபக்கம் பிப்ரவரி வந்தாக வேண்டும். முதலாளி அங்கேயே கட்டிய கதைப்படி, பிப்ரவரி என்பவர் குளிர்கால ஆளாகக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து, தும்மி, ஒரே ஒரு வரி பாடி, மற்ற மாதங்களிடம் துடைப்பத்தால் அடி வாங்கிக்கொண்டு ஓட வேண்டியவர். முதலாளி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"முகத்துல நல்ல குளிர் இருக்கு சார்."

நான் மறுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள், உள்ளேயிருந்து ஜூனின் பாட்டு கேட்கிறது. சனிக்கிழமைக்குள் பிப்ரவரி கிடைக்காவிட்டால் தனக்குக் குழுவில் இடமில்லை என்று அம்மாவிடம் சொல்கிறாள், எனக்குக் கேட்கும் சத்தத்தில். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற அதிகாரத்தில் நாலு வார்த்தை கண்டித்து, அவளைப் பல் மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் மேடையேறியவர் எவரும் இல்லை, இனியும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, பாடாமல் வளர ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்

பி.கு.: மேலே எழுதியவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். நேற்று ஒத்திகையில் என் தும்மலுக்கு மார்ச்சே சிரித்துவிட்டார். ஒரு வரி போதாது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறார். எதிர்ப்பக்கம் ஜூனுக்கு அடுத்து ஜூலையாகத் தானும் நிற்க வேண்டும் என்று உங்கள் தங்கை மஞ்சள் உடையோடு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். முழங்கால் வலி அறவே இல்லையாம். அதற்கு ஈடாக இந்தப் பக்கம் ஒரு ஜனவரி குறைகிறது. கண்டிப்பதற்கு வைத்திருக்கும் குரலை அப்படியே கொண்டு வரவும். கம்பளி நாங்கள் தருகிறோம்.