செருப்புக்கு நீலம் போட்ட நாள்

குழந்தை ஒத்தாசைக்கு வந்தால் முகம் சுளிக்காமல் பாராட்ட வேண்டும் என்கிறார்கள். சொல்வது சுலபம். சொல்கிறவர்கள் வீட்டுக் குழந்தை, விருந்தாளியின் செருப்புக்குச் சொட்டு நீலம் போட்டிருக்காது.

தொண்ணூறுகளில் சோமனூர் பக்கம் எங்கள் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி ஓடியது. என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த அன்று மட்டும், பேச்சு காதில் விழட்டும் என்று தறியை நிறுத்தி வைத்தோம். அதற்கு முன் வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊட்டுக்குப் போயிச் சொல்றோமுங்க" என்று கிளம்பியவர்கள். இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. இந்த இடமும் தட்டிப் போனால் பழி யார் தலையில் விழும்? (மருமகள் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்?)

அன்று காலை வாசல் குழாயடியில் என் வீட்டுக்காரரின் வேட்டியைத் துவைத்து, கஞ்சி போட்டு, நீலத்தில் முக்கிப் பிழிந்தேன். நாலு வயது மகள் கவிதா பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் செய்யறேன்ம்மா."

"விருந்தாளிங்க வாராங்க கண்ணு. எல்லாம் பளிச்சுனு இருக்கோணும். நீ எதையும் தொடாத."

அவள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினாள். (அப்பனைப் போலவே.) கஞ்சி வாளியையும் நீல வாளியையும் கொட்டாமல் நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா இன்னொரு டம்ளர் காப்பி கேட்டபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல சேதியாச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

அங்கே செருப்பு ஒன்றையும் காணோம். எல்லாம் துவைக்கிற கல்லின் மேல் ஜோடி ஜோடியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சோப்பு போட்டு, கஞ்சியில் முக்கி, நீலத்திலும் முக்கி எடுத்த செருப்புகள். காலையில் நான் செய்த வேலையில் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வேறு வழியில்லாமல் காலை நுழைத்தார். பாதம் நீலம், வெள்ளை வேட்டிக் கரையும் நீலம்.

முழங்கை வரை நீலமாக நின்ற கவிதா கேட்டாள்: "அம்மா, நல்லாத் தொவச்சிருக்கனா?"

அந்த நிமிஷம் அந்த நீல வாளியை என் தலையிலேயே கவிழ்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதே நேரத்தில், வெட்கம் கெட்ட சிரிப்பு ஒன்று வயிற்றிலிருந்து ஏறி வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"ரெண்டு வையி அவளுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். வந்தவர்கள் முன்னால் சொந்தப் பிள்ளையை நாலு சாத்தினால்தான் அவர்களுக்கு மரியாதை செய்ததாகக் கணக்கு. எனக்கு எங்கிருந்து வந்ததோ ஒரு கோபம்.

"எதுக்குங்க அடிக்கோணும்? காலைல நான் செஞ்சதத்தான அவளும் செஞ்சிருக்கா?" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. பிறகு அவளிடம் திரும்பி, "நல்லாத் தொவச்சிருக்க கண்ணு. கஞ்சிதான் கொஞ்சம் கெட்டி" என்றேன்.

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். "நெசந்தானுங்க அம்மணி, கஞ்சி கெட்டிதான். வாரு வெறச்சுக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

அந்த வாரமே நல்ல சேதி வந்தது. அது வரும்வரை என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. நானும் கெஞ்சவில்லை.

இன்றைக்கும் சம்பந்தி எங்கள் வீட்டு வாசலில் நின்று, "கவிதா ஊட்ல இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். இருக்கிறாள் என்றால் செருப்பும் கூடவே உள்ளே வந்து நாற்காலிக்கடியில் உட்காரும்.

என் வீட்டுக்காரரும் இந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். முடிக்கும்போது மட்டும், "புள்ளய அடிக்க வேண்டாம்னு நாந்தானுங்க தடுத்தேன்" என்பார்.

முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கம் கவிதா புண்ணியத்தில் வந்தது.