ஹாலில் கட்டிய ஞானஸ்நானத் தொட்டி

இன்ஜினியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காத உதவியைச் செய்வார்கள். அதையும் கணக்குப் போட்டுச் செய்வார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், மாண்ட்ரியாலில், அந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்தது.

ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் என் மனைவி கமலாவும் குடியிருந்தோம். கமலாவுக்கு அப்போது ஆறாம் மாதம். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா மதாம் பொலீன். கணவரை இழந்தவர், மகா கண்டிப்பு. (நாங்கள் மிளகாய் வறுத்தால் கீழே தும்முவார். தும்மலிலேயே கோபம் தெரியும்.)

என் நண்பர் செல்வராஜா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். வாரநாட்களில் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன கிறிஸ்தவ சபைக்குப் போதகர். நான் விபூதி பூசுகிறவன். அவர் என்னை மாற்ற முயன்றதில்லை. செஸ்ஸில் தோற்கடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவருடைய சபையில் மார்சேல் என்று ஒரு லாரி டிரைவர். வடக்கே காட்டுப் பக்கத்து ஆள். கதவை அடைக்கிற அகலத்துக்கு உடம்பு. ஊருக்கே திரும்பிப் போய் அங்கே ஒரு சபை தொடங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. திங்கட்கிழமை புறப்படுகிறார். அதற்குமுன் ஞானஸ்நானம் வேண்டும், அதுவும் முழுதாகத் தண்ணீரில் மூழ்கி. ஆனால் பிப்ரவரி மாதம். உறைந்து கிடந்த ஆற்றின் மேல் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"கோடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா அண்ணே?" என்றேன்.

"இஞ்சை பாரும் தம்பி, இது ஆக்கள் குறைஞ்ச நாடு. வடக்கை ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவிலை காடுதான் கிடக்கு. நான் போய் நிண்டு கதைச்சா ஆர் கேப்பினம்? அவையின்ரை ஆள் ஒருத்தன், அவையின்ரை பாஷையிலை சொல்லவேணும். அவன் இப்ப போறன் எண்டு நிக்கிறான். மறிக்கேலுமே?"

சபைக்கென்று தொட்டி இல்லாததால், எங்கள் குளியல் தொட்டியில் மார்சேலை உட்காரவைத்துப் பார்த்தோம். முழங்கால் இரண்டும் வெளியே நின்றன. முழங்கால் மட்டும் பாவத்திலேயே இருந்துவிடுமே என்று எனக்குக் கவலை. "நான் ஒரு தொட்டி கட்டித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏங்க, ஹால்லயா?" என்றாள் கமலா.

ஹாலில்தான். பலகை, கனமான பிளாஸ்டிக் விரிப்பு, கயிறு. தரை தாங்குமா என்று நான்கு தாள் நிறையக் கணக்குப் போட்டேன். தண்ணீரின் எடை, பலகையின் கனம், எல்லாம் பார்த்தேன். ஞாயிறு மதியம் சபையார் வந்து சுற்றி நின்றபோது, வெந்நீர் கலந்து, உயரமான ஆள் நன்றாக மூழ்கட்டும் என்று விளிம்புவரை நிரப்பினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்சேல் உள்ளே இறங்கி உட்கார்ந்தார்.

மார்சேலுக்கும் ஒரு கனஅளவு உண்டு என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. (எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு நூறு வாங்கினேன்.) அவர் உட்கார உட்கார, அவர் அளவு தண்ணீர் நாலாபக்கமும் வழிந்தது. செல்வராஜா அண்ணன் அசையவில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி வசனத்தைச் சொல்லி மார்சேலை முழுக்காட்டினார். இன்னொரு அலை வெளியே வந்தது.

மரத்தரை. இடுக்கு வழியே இறங்கிய தண்ணீர், கீழ்வீட்டுக் கூரையில் விளக்குக்காகப் போட்ட ஓட்டையைக் கண்டுபிடித்தது. நேர் கீழே சோபாவில் மதாம் பொலீன் கண்ணயர்ந்திருந்தார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். கதவு திறந்தது. கையில் துடைப்பம், தலையெல்லாம் சொட்டச் சொட்ட மதாம். எங்களைப் பார்த்தார், பாதித் தொட்டியில் வெள்ளைச் சட்டையோடு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ராட்சதனைப் பார்த்தார்.

"போன்ஜூர், மதாம்" என்றேன். வேறு பிரெஞ்சு அந்த நேரத்தில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்குள் கூரை புதுசுபோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். கமலா வயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் தரையைத் துடைக்கத் தொடங்கினேன்.

காப்பாற்றியது மார்சேல். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, தினமும் ஏணியில் ஏறி கூரையைப் பூசினார். பூசிக்கொண்டே பேசினார். கணவர் இறந்தபின் தேவாலயப் பக்கமே போகாத மதாம், முதலில் முறைத்தார். மூன்றாம் நாள் சூப் கொடுத்தார். பேச்சுவாக்கில், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று தெரிந்தது. மார்சேல் கிளம்பும்போது, மதாம் அங்கே தனியாக இருக்கும் தன் தங்கையின் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினார். அந்தத் தங்கையின் சமையலறையில்தான் வடக்கே முதல் கூட்டம் நடந்தது.

அடுத்த ஆண்டு கோடையில் மதாமே அங்கே ஓர் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தார். எங்களையும் குழந்தையோடு அழைத்துப் போனார். உதவலாமென்று நான் முன்னால் போனேன்.

"தம்பி, நீர் கரையிலையே நில்லும்" என்றார் செல்வராஜா அண்ணன்.

மதாம் மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்: ஏரியில் நடந்தது இரண்டாவது முறையாம், முதல் முறை கொடுத்தது மாடிவீட்டு இந்துவாம்.

இப்போது லவாலில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். குழாய் ஒழுகி நான் ஸ்பானரை எடுத்தால் போதும், உள்ளேயிருந்து கமலாவின் குரல் வரும்:

"விட்டுடுங்க. கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவராம்."