மாமனாரை மழையில் உட்கார வைத்த சட்டம்

அடுத்தவருடைய கெட்ட பழக்கத்தைத் திருத்துவதைப் போலச் சுகமான வேலை வேறெதுவும் கிடையாது. எழுபதுகளில், என் இருபத்தாறாவது வயதில், அந்தச் சுகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிவரை அனுபவித்தேன். மூன்று மணிக்கு மேல் நடந்ததை நானாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அப்போது தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டினாற்போல் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். ஒரே ஒரு காம்பரா (அறை என்றால் பெரிதாகத் தோன்றிவிடும்). அதில் நான், மனைவி செல்லம்மா, எட்டு மாத மகள். மகளுக்கு அடிக்கடி இழுப்பு வரும். அந்தச் சின்ன நெஞ்சு மூச்சுக்குத் திண்டாடுவதைப் பார்த்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒருநாள் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"வீட்டுல யாரு பொகைக்கிறது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாமனாருங்க. சுருட்டு" என்றேன் பட்டென்று.

மாமனார் இருந்தது கொஸ்லந்தையில். மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். செல்லம்மா என் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் பார்த்தார். "யாரா இருந்தாலும் வீட்டுக்குள்ள கூடாது. பிள்ளைக்கு ஆகாது" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே செல்லம்மாவிடம், "நான் இன்னையோட விட்டுட்டேன்" என்று அறிவித்தேன். (மறுநாள் காலைவரை அது உண்மை.)

அடுத்த ஞாயிறு மாமனார் பேத்திக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நாற்பது ஆளை மேய்த்த கங்காணி. உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் சுருட்டை எடுத்தார். நான் வாசலைக் காட்டினேன்.

"மாமா, இங்க சட்டம் மாறிருச்சு. வெளிய போய்ப் பத்த வைங்க."

"அடுப்பு பொகையாதா மாப்பிள்ளை?"

"அடுப்பு சோறு போடும். சுருட்டு போடுமா?"

என் பதிலில் நானே சொக்கிப் போனேன். அவர் பேத்தியை ஒரு பார்வை பார்த்தார், குடையை எடுத்தார், கொட்டுகிற மழையில் பீலிக்கரைக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் எல்லாம் விசாரிக்க, "எம் மாப்பிள்ளை வீட்டுச் சட்டம்மா" என்று பெருமையாகவே சொன்னாராம்.

நானோ பக்கத்து வீட்டு முத்தையா அண்ணனைப் பார்க்கப் போனேன். பார்க்க என்றால், சிகரெட் குடிக்க.

"ஒரு சொல்லுதான்ணே சொன்னேன். கங்காணியே எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆம்பளைன்னா வீட்டுல அப்படி ஒரு கண்டிப்பு வேணும்" என்று சுவரோரம் சாய்ந்து, மேலே பார்த்துப் புகை விட்டேன். இரண்டாவது சிகரெட்டில் என் மகள் இருமும் சத்தம் கேட்டது. விடாமல் இருமினாள். பிறகு அந்த இழுப்பு.

எனக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தீங்களாண்ணே, கெழவன் சுருட்டோட உள்ள வந்துட்டான்!" என்று குதித்து எழுந்து என் வீட்டுக்குள் பாய்ந்தேன்.

"எங்க அந்த மனுசன்?" என்று கத்தினேன்.

மனுசன் இன்னும் பீலிக்கரையில்தான் நனைந்துகொண்டிருந்தார். செல்லம்மா பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே சுவருக்கு மேலே கை காட்டினாள்.

லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் இந்தப் பக்கம் சோறு இறங்கும். லயத்திலேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தகரத்தில் அடிக்கிற மழைச் சத்தத்தில் என் பேச்சு அந்தப் பக்கம் கேட்காது என்பதுவரை யோசித்திருந்தேன். புகைக்குக் காது வேண்டாம் என்பதுதான் தோன்றவில்லை. முத்தையா அண்ணன் வீட்டில் நான் விட்டதெல்லாம் சுவரேறி வந்து என் பிள்ளைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் என் விரலிடுக்கில் எரிந்துகொண்டிருந்தது.

செல்லம்மா வாசலுக்குப் போனாள். "அப்பா, நீங்க உள்ள வாங்க. இவரு வெளிய வர்றாரு."

மாமனார் வந்தார். என் கையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குடையை நீட்டி, "இடது பக்கமா ஒக்காருங்க மாப்பிள்ளை. குடை வலது பக்கம் ஒழுகும்" என்றார்.

பிள்ளைக்கு மூச்சு சீராகும்வரை அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; மழை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் சட்டம் போட்டுப் பயனில்லை என்று புரிந்துகொண்ட செல்லம்மா, அந்த வாரமே வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினாள். அடுத்த மாதம் எங்கள் லயத்து ஆண்கள் அத்தனை பேரும் பீலிக்கரைக் கல்லில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முத்தையா அண்ணன் என்னோடு பேச வருஷம் ஒன்றானது.

இழுப்பு விட்டுப்போய், மகள் வளர்ந்து, அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் மாப்பிள்ளை வீட்டாரிடம் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க குடும்பத்துல ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதுங்க" என்று ஆரம்பித்தேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து என் மகளே சொன்னாள்: "அப்பா சொல்றத நம்புங்க. ஆனா பக்கத்து வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."