ஏதென்ஸ் அண்ணையும் ஆறு மணிப் பூட்டும்

சுவிற்சர்லாந்துக்கு அகதியாக வந்த தமிழர்களில், இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தின அரசியலில் தீவிரமாக இறங்கியிருந்தவர் ஏதென்ஸ் அண்ணை ஒருவர்தான். யாழ்ப்பாணத்து டியூட்டரியில் கிரேக்க ரோம நாகரிகம் படிப்பித்தவர். எண்பதுகளில் வின்டர்தூர் அகதிகள் விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். பல் விளக்கும்போதும் வாயில் ஏதென்ஸ்தான்.

விடுதியில் எங்களுக்கு ஒரு பெருந்துன்பம் இருந்தது. நாங்கள் ஜெர்மன் வழக்கப்படி ஷெஃப், அதாவது தலைவர், என்று கூப்பிடும் சுவிஸ் பொறுப்பாளர், மாலை ஆறு மணிக்குச் சமையலறையைப் பூட்டிவிடுவார். வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிற எங்களுக்குக் குளிர்ந்த பாண் ரொட்டியும் சீஸும்தான். சோறாக்க விடச் சொல்லி மூன்று மனுக் கொடுத்தோம். மூன்றையும் வலு அழகாகக் கோப்பில் போட்டு வைத்தார்.

"மனுவால ஒண்டும் நடவாது," என்றார் அண்ணை. "ஏதென்சில என்ன செய்தவங்கள்? ஆளுறவனை முன்வரிசையில இருத்திப்போட்டு, மேடையில அவனையே நக்கலடிச்சவங்கள். அவன் இருந்து கேக்கத்தான் வேணும்."

"அண்ணை, எங்களை இந்தக் கன்ரோனை விட்டு வேற மாகாணத்துக்கு ஏத்திவிட்டிடுவான்!"

"ஏத்தட்டும். அங்கையும் சமைக்க ஒரு குசினி இருக்கும்தானே?"

பொங்கல் விழாவில் நாடகம். அகராதி பார்த்து அண்ணையே ஜெர்மனில் வசனம் எழுதினார். ஷெஃப் வேடம் என் தலையில் விழுந்தது. அட்டையில் வெட்டிய சமையலறைத் திறப்புச் சாவியை, பூசணிக்காய் அளவில், என் கழுத்தில் தொங்கவிட்டார். கிரேக்க நாடகத்துக்குப் பாட்டுக்குழு கட்டாயமாம். ஐந்து பேர் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, பட்டினி கிடக்கும் சட்டிகளாகக் காவடிச்சிந்து மெட்டில் ஒப்பாரி வைத்தார்கள்.

விழா என்றால் எங்கள் ஆட்கள் முறை தவறமாட்டார்கள். நக்கலடிக்கப் போகிற மனிதருக்கே மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றவைத்து, "கருணைக் கடலே" என்று கால்மணி நேரம் வரவேற்புரை வாசித்தார்கள். அந்தக் கைதட்டல் ஓயுமுன் நான் மேடையேறி, ஒருவர் வாய்க்குப் போன கரண்டியைப் பறித்தேன். "ஆறு மணி! ஒழுங்கு ஒழுங்குதான்!"

ஷெஃபின் முகம் தக்காளியாகிவிட்டது. எழுந்தார். நான் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். வந்தவர் என்னையும் அண்ணையையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்!

"எங்கள் ஊர் ஃபாஸ்நாக்ட் திருவிழாவில் பெரிய மனிதர்களைத்தான் கேலி செய்து பாடுவார்கள். இந்த வயது வரைக்கும் என்னை ஒருவரும் பாடவில்லை," என்று கண்ணைத் துடைத்தார். பரிசாகப் பெரிய சொக்லேட் பெட்டி ஒன்றும் தந்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு. கழுத்து மாலையோடு நேரே போய்ச் சமையலறையைப் பூட்டினார்.

நாங்கள் அண்ணையைச் சூழ்ந்துகொண்டோம். "என்னண்ணை இது?"

அண்ணைக்கோ கால் நிலத்தில் இல்லை. "ஏதென்சிலயும் அச்சொட்டா இதுதானடா நடந்தது! சனம் விழுந்து விழுந்து சிரிச்சது, நாடகத்துக்கு முதற்பரிசு குடுத்தது, பிறகு நக்கல் வாங்கினவனையே திரும்பப் பதவிக்குத் தெரிவு செய்தது!"

அடிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாணைக் கையில் எடுத்தால் போதும், யாராவது ஒருவர் ஷெஃப் குரலில் "ஒழுங்கு ஒழுங்குதான்" என்பார். புரைக்கேறும் அளவுக்குச் சிரிப்போம்.

ஒரு வருஷம் கழித்து அண்ணையை வில் என்ற நகரத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பாண் எவ்வளவு குளிர் என்று அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது.