கண்ணாடி பற்றிய அறிவிப்பு, இரு பிரதிகளில்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு மைத்துனனின் வணக்கம். அக்காவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்ற அனுமானத்தில் எழுதுகிறேன். இங்கும் நலம் என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பாகும்.

கல்லூரி நுழைவுத் தேர்வில் என் மகள் தோற்றுவிட்டதாக உறவினரிடையே பேச்சு. திருத்தம்: அவள் தேர்வை எழுதவே இல்லை. இரண்டு ஆண்டுகள் மாதிரி விடைத்தாள்களில் வட்டங்களைக் கருப்பாக்கிப் பழகியதில் பார்வை மங்கி, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு கண்ணாடி போட்டாள்; நுழைவுச்சீட்டுப் புகைப்படத்தில் கண்ணாடி இல்லை; தோற்றத்தில் மாற்றம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது பதினேழாம் விதி. நாற்பது பக்க விதிகளையும் படித்தவன் தேர்வு மைய வாயிலில் நான் ஒருவன்தான் என்பது பிறகே தெரிந்தது. காவலாளி சீட்டைப் பார்த்துவிட்டு, "உள்ள போம்மா" என்றார். நான் இடைமறித்து அறிவிப்பை நீட்டினேன். "அதே மூஞ்சிதானே சார், விடுங்க" என்றார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டேன். அவர் அதிகாரியைக் கூப்பிட, அதிகாரி தலைமையகத்தைத் தொலைபேசியில் அழைக்க, "கழட்டிட்டே போறேன்ப்பா" என்று மகள் கெஞ்ச, அது ஆள்மாறாட்டத்துக்குச் சமம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, ஒன்பதரைக்குக் கதவை மூடிவிட்டார்கள். அனுமதி ஒன்பது முப்பத்திரண்டுக்கு வந்தது. "பர்மிஷன் இருக்கு சார், ஆனா லேட்டு" என்றார் அதிகாரி. அதுவும் விதிதான், ஆறாவது.

பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை மூன்று மணி நேரத்தில் எடை போடுகிறார்கள். இவளைத் தராசில் ஏறவே விடவில்லை. பள்ளியில் முதல் மாணவி என்பதைக் கல்லூரி பார்க்காதாம். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்க்குமாம். காப்பியா, டீயா என்று கேட்டால், "மேற்கண்ட எதுவும் இல்லை" என்கிறாள். வேறு பேச்சில்லை.

இத்தேர்வையே ஒழிக்கக் கோரி, தேர்வு நடத்தும் முகமைக்குப் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் மகனையும் இதில் மாட்டிவிடாதீர்கள். அந்த வாசல் பக்கம் இனி நான் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

அக்காவுக்கு அன்பும், மருமகனுக்கு விதிவிலக்கற்ற ஆசிகளும்.

தங்கள் மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முகமையின் பதில் வந்தது. விதிகளில் எனக்குள்ள தேர்ச்சியைப் பாராட்டி, அடுத்த ஆண்டு இவ்வூர் மையத்துக்கு என்னை வாயில் மேற்பார்வையாளராக நியமித்திருக்கிறார்கள். ஏற்றுக்கொண்டேன். ஒன்பதரை என்றால் ஒன்பதரை. மகளிடம் சொன்னேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக முழு வாக்கியமாகப் பேசினாள்: "நான் அத்தை வீட்டுக்குப் போய் அங்கயே எழுதிக்கறேன். மாமா துணைக்கு வரட்டும். அவர் எதையும் படிக்க மாட்டார்."