மோட்டாருக்கு மூன்று பேர் வேண்டும்

காஞ்சிபுரத்தில் இதுவரை வாய் திறந்து பாடியவர்களிலேயே மோசமாகப் பாடியவன் மோட்டார்தான். எங்கள் கல்லூரி விடுதியில் பக்கத்து அறை, எனக்கு ஒரு வருடம் ஜூனியர், ஊர் மிசோரம். பாட ஆரம்பித்தால் "உம்ம்ம்" என்று ஒரே சுருதியில் ஓடும், ஒரு படி இறங்கும், மறுபடி ஓடும். தண்ணீர் ஏறுகிறது என்று நம்பி வாளியோடு குளியலறைக்கு ஓடியவர்கள் வைத்த பெயர் அது.

ஒருமுறை சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்பாடு பார்க்க அழைத்துப் போனோம். கோஷ்டி ஒரே குரலில் பாசுரம் சொல்லிக்கொண்டு வந்தது. கூட்டமாகப் பாடுகிறவர்களைக் கண்டதும் இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை, பின்னாலேயே போய் "உம்ம்ம்" சேர்த்துவிட்டான். ஒரு பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்த ஜெனரேட்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கோ" என்றார்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளே பரீட்சை, ஊருக்குப் போய்வர வழியில்லை. மோட்டார் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தான். குளியலறை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். சோப்பு கேட்டுக் கத்திய என்னிடம், "அண்ணா, உன் குரல் மேலே போகுது. எனக்கு வேணும்" என்றான். என் அறைத் தோழன் சரவணனை இருமலை வைத்தே தேர்ந்தெடுத்தான். எதிர் அறை ஜோசப்பைப் பிடித்தது கிறிஸ்தவன் என்பதற்காக.

"எங்க சர்ச்சுல எல்லாரும் ஒரே மெட்டுதான்பா. கை தட்டினா போதும்" என்றான் ஜோசப்.

அப்போதுதான் விஷயமே தெரிந்தது. மோட்டாரின் ஊரில் கூடித்தான் பாடுவார்களாம். ஒரே பாட்டுக்கு நாலு குரல், ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு. மோட்டாருடையது அடிக்குரல். ஒரு வருடமாக மற்ற மூன்றும் இல்லாமல் தன் பங்கை மட்டும் பாடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"மத்த மூணும் என் தலையிலே கேக்கும் அண்ணா. இப்போ கொஞ்சம் மறக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மொட்டை மாடியில் பயிற்சி. ஆளுக்கொரு மெட்டு கொடுத்தான். இரண்டாவது வரியிலேயே மூன்று பேரும் ஒரே மெட்டில் போய் நிற்போம். அவன் தலையில் அடித்துக்கொண்டு "தப்பு" என்பான்.

"எப்படிப்பா தப்பு? ஒத்துமையாத்தானே பாடிக்கினு இருக்கோம்" என்பான் சரவணன்.

பத்து நாள் இதே கதை. பதினோராம் நாள் சரவணனுக்குத்தான் உறைத்தது. அவன் தறி வீட்டுப் பிள்ளை.

"டேய், இது கோர்வைப் புடவைடா. உடலுக்கு நூல் ஓட்ட ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. எங்கப்பா உடலுக்குத் தள்ளுவாரு, எங்கம்மா கரைக்குத் தள்ளும். அவங்க கலரு இவருக்கு எதுக்கு? சேர்ற எடத்துல கோத்துக்கினா போதும்."

அதன்பிறகு அடுத்தவன் மெட்டை நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மாலை, புத்தகங்களை மூடிவைத்துவிட்டு மாடியேறினோம். மூன்றாவது வரியில் நாலு குரலும் கோத்துக்கொண்டன. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அடுத்த வரியில் அடிக்குரலைக் காணோம். திரும்பினால், மோட்டார் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"நீங்க பாடுங்க அண்ணா. நான் கேக்கணும்."

அடிக்குரல் இல்லாமல் நாங்கள் மூவரும் பாடியது நிச்சயம் கேட்கச் சகித்திருக்காது. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது, ஆனால் நான் நகர்ந்தால் அவனுக்கு ஒரு குரல் குறையுமே என்று, நின்ற இடத்திலேயே பாடிக்கொண்டிருந்தேன்.